பதினோரு செஸ் புத்தகங்கள் மீது ஒரு விசாரணை

மனித குலத்தைக் குடைந்தெடுத்த மகத்தான கேள்விகளில் பெரும்பாலானவை, அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாத நாலு பேர் கூடி உட்கார்ந்து டீ குடித்த பிறகுதான் தீர்ந்திருக்கின்றன. வரலாறு இதை ஒப்புக்கொள்வதில்லை; அதற்குக் கூச்ச சுபாவம். மரக்காணத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ‘பழங்காலத்துச் சதுரங்க வியூக நூல்களை இந்தக் காலத்திலும் படிக்கத்தான் வேண்டுமா?’ என்று பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் உலகம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு தகரக் கூரைக்குக் கீழே அந்தக் கேள்விக்கு முடிவு கட்டிய பெருமை மரக்காணம் வட்டாரச் சதுரங்க மேம்பாட்டுக் கழகத்தையே சேரும். குறிப்பாக, அதன் செயலாளர் தட்சணாமூர்த்தியைச் சேரும்.

தட்சணாமூர்த்தி முப்பது வருடமாக உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். தமிழ்நாடு முழுக்க செஸ் அலை அடித்தபோது மரக்காணமும் நனைய வேண்டாமா என்று யோசித்த முதல் மனிதர் அவர். யோசித்த மறுநாளே தன்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். ஆட்டத்தைப் பற்றியும் அவருக்குத் தெரியும். ராஜாவை வெட்டக் கூடாது என்பது தெரியும், ராணி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பது தெரியும். குதிரை எப்படிப் போகும் என்பதில் மட்டும் அவர் ஒரு திறந்த மனதோடு இருந்தார்.

அவருடைய இடைவிடாத முயற்சியால் சாலையோரம் ‘சதுரங்க மையம்’ எழும்பியது. வாசலில் ஆளுயரக் குதிரைச் சிலை வைக்க வேண்டும் என்று விரும்பி, ஐயனார் கோயில்களுக்குக் குதிரை செய்கிறவரிடமே சொன்னார். அவரும் பழக்கதோஷத்தில் பிதுங்கிய கண்ணும் கழுத்தில் சலங்கையுமாகச் செய்து வைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைகளில் யாரோ வந்து அதற்குச் சூடம் ஏற்றிவிட்டுப் போவதை மையத்தின் ‘பொதுமக்கள் தொடர்பு’ கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

மையத்துக்குப் பயிற்றுநர் பதவி ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு லேப்டாப். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஆட்டம் சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘உள்ளூர்க்காரராகவும் நன்றாக ஆடத் தெரிந்தவராகவும் இருத்தல் வேண்டும்’ என்று மேலிடத்திலிருந்து வந்த கடிதம் சொன்னது. இந்த இரண்டாவது நிபந்தனைதான் எல்லாவற்றுக்கும் காரணம். மேலிடத்தில் இருப்பவர்கள் சில சமயம் யோசிக்காமல் எழுதிவிடுகிறார்கள்.

ஏனென்றால் நன்றாக ஆடத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் மலர்கொடி. தட்சணாமூர்த்தியின் உப்பளத்திலேயே பதினாறு வருடமாக உப்பு வாருகிறவள்.

அவள் ஆடக் கற்றுக்கொண்ட விதத்திலும் தட்சணாமூர்த்தியின் பங்கு உண்டு என்பதை நாம் மறக்கக் கூடாது. ஆரோவில்லில் நாற்பது வருடம் இருந்த ஒரு வெள்ளைக்காரர், முழங்கால் போய் ஊருக்குத் திரும்பும்போது, தன்னிடமிருந்த பதினோரு பழைய சதுரங்கப் புத்தகங்களைக் கழகத்துக்குக் கொடுத்தார். தட்சணாமூர்த்தி சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து, ‘இது கழகத்தின் அறிவுச் செல்வம்’ என்று பேசி, அந்த அட்டைப்பெட்டியைத் தன் உப்புக் கிடங்கில் கோணிப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது. கிடங்கில் உட்கார்ந்து கிழிந்த கோணி தைக்கும் பெண்களில் மலர்கொடியும் ஒருத்தி. பிளஸ் டூ வரை படித்தவள். பெட்டியைத் திறந்து பார்த்தாள். பாதி படம், பாதி இங்கிலீஷ். திருவிழாக் கடையில் ஒரு பிளாஸ்டிக் போர்டு வாங்கிக்கொண்டாள். ஒரு மழைக்காலத்தில் மூன்று புத்தகம், அடுத்ததில் நாலு. பொங்கலுக்குக் கழகம் நடத்திய போட்டியில் ஏழு ஆண்களை வரிசையாகத் தோற்கடித்து எவர்சில்வர் குடம் வாங்கினாள். குடத்தைக் கொடுத்த தட்சணாமூர்த்தி, ‘உழைக்கும் பெண்களின் அறிவு’ பற்றிக் கால் மணி நேரம் மனமுருகப் பேசினார். அப்போது பதவி எதுவும் காலியாக இல்லை.

இப்போது அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். அவளுடைய இரண்டு குதிகாலும் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு இறங்கிப் புண்ணாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திட்டமாகச் சொல்லிவிட்டார்: ஒரு வருடமாவது கால் உப்புத் தண்ணீரில் படக் கூடாது, பட்டால் புண் எலும்புக்குப் போகும், அப்புறம் காலே மிஞ்சாது. உப்பளத்தை விட்டால் அவளுக்குத் தெரிந்த வேறு வேலை செஸ் ஒன்றுதான். பதவியோ பட்டமோ அவளுக்கு முக்கியமில்லை. கால் வைக்கக் காய்ந்த தரை வேண்டும்.

தட்சணாமூர்த்திக்கு இதில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, அவருடைய அக்கா மகன் வெற்றிச்செல்வன். இன்ஜினியரிங் முடித்து நாலு வருடமாக வீட்டில் போனும் கையுமாக இருக்கிறான். அந்த நாற்காலியின் அளவு பார்த்தாயிற்றா என்று அக்கா தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு, மலர்கொடியைப் போல உப்பு வார இன்னொரு ஆள் கிடையாது. பாத்தியைப் பார்த்த பார்வையில் இன்றைக்கு வாரலாமா நாளைக்கா என்று சொல்லிவிடுவாள். இந்த இரண்டையும் ஒரு செயலாளர் கூட்டத்தில் எழுந்து சொல்ல முடியாது. மனதில் இருப்பதைச் சொல்ல முடியாதபோது பொதுவாழ்க்கையில் இருப்பவர்கள் ஒரு கேள்வியைக் கேட்பார்கள். அந்தக் கேள்வியை வெற்றிச்செல்வனே எடுத்துக்கொடுத்தான்.

“மாமா, அந்தக்கா படிச்சதெல்லாம் நூறு வருஷத்துப் புக்கு. இப்ப எல்லாமே இன்ஜின்தான். போன்ல போட்டா எந்தக் காய நகத்தணும்னு அதுவே சொல்லிடும். அந்த மாதிரி புக்கெல்லாம் அவுட்டேட் ஆயிடுச்சி.”

தட்சணாமூர்த்திக்கு உடம்பு சிலிர்த்தது. புத்தகம் காலாவதி என்றால் அதில் படித்தது காலாவதி. படித்தது காலாவதி என்றால் படித்தவளும் காலாவதி. யாரையும் நோகடிக்காமல், பாரபட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல், இது அறிவுலகம் சம்பந்தப்பட்ட விவகாரமாகிவிடும். அன்றைக்கே ‘தொன்மையான சதுரங்க நூல்களின் இக்காலப் பொருத்தப்பாடு குறித்த உயர்மட்ட ஆய்வுக் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர் தட்சணாமூர்த்தி. உறுப்பினர்-எழுத்தர் சக்கரபாணி, தாலுகா அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து, எந்தக் கோப்பையும் அவசரப்பட்டு முடித்துவிடாதவர் என்று பெயரெடுத்தவர். இன்னொரு உறுப்பினர் உப்பு வியாபாரி அரசப்பன். கூட்டத்தில் கொடுக்கும் மெதுவடைக்காக அவர் வருவதாக ஒரு பேச்சு உண்டு. வடை இல்லாத கூட்டத்துக்கும் அவர் ஒருமுறை வந்திருக்கிறார்.

முதல் அமர்வில் பதினோரு புத்தகங்களும் கையகப்படுத்தப்பட்டன. விசாரணை முடியும்வரை அவற்றை யாரும் வாசிக்கக் கூடாது, வாசித்தால் சாட்சியம் கலைந்துவிடும் என்று சக்கரபாணி சட்ட நிலையை விளக்கினார். பெட்டி பீரோவுக்குள் போனது. பீரோ சாவி தட்சணாமூர்த்தியின் அரைஞாணுக்குப் போனது.

மலர்கொடி அப்போது எட்டாவது புத்தகத்தில் இருந்தாள். கடைசியில் இரண்டு பக்கமும் ஒரு யானை மட்டும் மிஞ்சும்போது எப்படி ஆடுவது என்ற அத்தியாயம். இன்னும் பதினாறு பக்கம் பாக்கி. அந்தப் பதினாறு பக்கத்தை மட்டும் இங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். விசாரணையில் இருக்கும் ஒருவரை இன்னொருவர் தனிமையில் சந்திப்பது முறையல்ல என்று சக்கரபாணி மறுத்தார்.

இரண்டாம் அமர்வில் அவளையே சாட்சியாக அழைத்தார்கள். அளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். காலில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தாள். நாற்காலி மூன்றுதான் இருந்ததால் நின்றுகொண்டே சாட்சி சொன்னாள்.

“இந்நூல்களின் ஆசிரியர்கள் தற்போது எங்கு வசிக்கின்றனர்?” என்று சக்கரபாணி தொடங்கினார்.

“செத்துட்டாங்க சார்.”

“அனைவருமா?”

“எல்லாருந்தான் சார். ரொம்ப நாளாவுது.”

‘ஆசிரியர்கள் எவரும் குழுவின் முன் ஆஜராகவில்லை’ என்று சக்கரபாணி எழுதிக்கொண்டார். அரசப்பன் வடையைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏம்மா, அவங்க எழுதினப்ப போர்டுல எத்தினி கட்டம்?”

“அறுவத்திநாலு.”

“இப்ப?”

“இப்பவும் அறுவத்திநாலுதாங்க.”

“அப்ப இன்னாத்துக்குப்பா தட்சணா இந்த மீட்டிங்கு?”

இந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று தலைவர் தீர்ப்பளித்தார். அரசப்பன் நிரலில் இருந்த வடைக்குத் திரும்பினார்.

பிறகு தட்சணாமூர்த்தி பெருந்தன்மையோடு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். அந்தப் புத்தகங்களில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டார். மலர்கொடி கொஞ்சம் யோசித்தாள்.

“வுட்ட தண்ணி வுட்டதுமே உப்பாயிடுமா மொதலாளி? மொத பாத்தியில நிக்கணும், அடுத்ததுல சுண்டணும், அப்புறந்தான் கடைசிப் பாத்திக்கு வரணும். அந்தப் புக்குங்க அததான் சொல்லுது. வெட்டுறதப் பத்தி அவ்ளோவா இல்ல. எந்தக் காயி சும்மா நிக்கிது, அத எங்க வச்சா பின்னால ஒதவும், அதான் பக்கம் பக்கமா இருக்குது.”

தட்சணாமூர்த்திக்கு அது புரிந்துவிட்டது. செஸ் பற்றி யாரோ சொன்னது அவருக்குப் புரிந்தது அதுவே முதல் தடவை. புரிந்த வேகத்தில் அவருக்குப் பயமாகவும் இருந்தது. அவர் சக்கரபாணியைப் பார்த்தார். ‘மேற்படி நூல்களில் உப்பளத் தொழில் குறித்த செய்திகள் மலிந்துள்ளதாகச் சாட்சி தெரிவிக்கிறார்’ என்று சக்கரபாணி பதிவு செய்து நிலைமையைச் சமாளித்தார்.

மூன்றாம் அமர்வு நவீனத்துவத்துக்கு ஒதுக்கப்பட்டது. வெற்றிச்செல்வன் வந்து, மேசையில் சில காய்களை நிறுத்தி, அதே நிலையைப் போனில் போட்டுக் காட்டினான். போன் ‘+1.7’ என்றது. குழு அதை வரிசையாகக் கையில் வாங்கிப் பார்த்தது.

“ஒன்னு புள்ளி ஏழு இன்னாது, கிலோவா?” என்றார் அரசப்பன்.

“வெள்ளை ஜெயிக்குதுன்னு அர்த்தம்ங்க.”

“எதுனால ஜெயிக்கிது?”

“அதான் ஒன்னு புள்ளி ஏழு இருக்குதுல்ல.”

‘நவீன முறையில் காரணம் கேட்க வேண்டிய அவசியமில்லாததால் பொன்னான நேரம் மிச்சமாகிறது’ என்று குழு கண்டறிந்தது. ஓரமாக நின்றிருந்த மலர்கொடியிடம் கருத்து ஏதும் உண்டா என்று ஒரு மரியாதைக்குக் கேட்டார்கள்.

“போனு தப்பா சொல்லலைங்க, கரெக்ட்டாத்தான் சொல்லுது. அந்தப் புக்கு எழுதினவங்களே சில எடத்துல தப்பா எழுதியிருக்காங்க, போன்ல போட்டா தெரிஞ்சிடும். ஆனா புள்ளைங்க ஏன்னு கேக்குமில்ல. அத சொல்றதுக்குத்தான் புக்கு வேணும்.”

உலகம் முழுக்க நடந்துகொண்டிருந்த சர்ச்சைக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்குக் குழுக்களைப் பற்றித் தெரியாது. விடை கிடைத்ததும் குழு தன் பணியை விரிவாக்கியது. ‘செயல்முறைப் பரிசோதனை’ ஒன்று நடத்துவதென்று தீர்மானமாயிற்று. பழைய நூல்களின் சார்பில் மலர்கொடி ஆடுவாள், நவீனத்தின் சார்பில் வெற்றிச்செல்வன் ஆடுவான். நூல்கள் தோற்றால் அவை பயனற்றவை என்று அறிவிக்கப்படும், அவற்றை நம்பிப் போட்ட விண்ணப்பமும் தள்ளுபடியாகும். நூல்கள் ஜெயித்தால் என்ன என்ற இடத்தில் சக்கரபாணி கோடு போட்டு விட்டுவைத்தார். தேவைப்பட்டால் நிரப்பிக்கொள்ளலாம் என்பது அவருடைய முப்பத்து நாலு வருட அனுபவம்.

போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. மலர்கொடி மறுபடியும் அந்தப் பதினாறு பக்கத்தைக் கேட்டாள். மறுபடியும் இல்லையென்று ஆயிற்று. விடியற்காலை அளத்துக்குப் போய், உச்சிவெயிலுக்கு முன்னால் திரும்பி, புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு, பிளாஸ்டிக் போர்டில் இரண்டு யானையும் இரண்டு ராஜாவும் ஒரு சிப்பாயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று தட்சணாமூர்த்திக்குச் செய்தி வந்தது. மீதியைத் தானே கண்டுபிடிக்கிறாளாம். அச்சடித்ததைப் படிக்காமல் தானாக யோசிப்பது விதிமீறல் ஆகாதா என்று அவர் கேட்டார். அதற்கு இன்னும் விதி எழுதப்படவில்லை என்று சக்கரபாணி வருத்தத்தோடு தெரிவித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டம். நடுவர் பொறுப்பைத் தட்சணாமூர்த்தி ஏற்றார். வேறு யாரிடமாவது கொடுத்தால் பாரபட்சம் காட்டிவிடுவார்களோ என்ற கவலைதான் காரணம். இரு தரப்பும் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக வெற்றிச்செல்வனின் போனையும் வாங்கிப் பீரோவில் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். போனைக் கொடுத்த கை கொஞ்ச நேரம் காற்றில் அப்படியே இருந்தது. ஜன்னல்களில் உப்பளத்துப் பெண்கள் வந்து நின்றுகொண்டார்கள்.

வெற்றிச்செல்வன் முதல் பன்னிரண்டு நகர்த்தலை மடமடவென்று வைத்தான். எல்லாம் போன் சொல்லிக்கொடுத்தவை. பதின்மூன்றாவதில் மலர்கொடி தன் குதிரையைப் பின்னுக்கு இழுத்து வைத்தாள். போன் இப்படி ஒன்றை அவனுக்குச் சொன்னதில்லை. அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். கால் மணி நேரம் தாடையைத் தடவினான். பிறகு தன் ராணியைக் கொண்டுபோய் அந்தக் குதிரையின் வாயிலேயே வைத்துவிட்டுக் கையை எடுத்தான். எடுத்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அவன் மாமாவுக்கும் தெரிந்தது, ஏனென்றால் அவனுடைய முகம் அப்படி ஆகிவிட்டது.

“கடல் காத்து” என்றார் நடுவர்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

“ராணி தானா நகந்துடுச்சி. காத்து அடிச்சிதில்ல. எடுத்து பழைய எடத்துல வைய்யிடா.”

வெளியே உப்புக் குவியலின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாய்கூட அசையாமல் கிடந்தது. சக்கரபாணி குறிப்பேட்டில் ‘இயற்கை இடர்’ என்று தலைப்பிட்டு, ‘புலம்பெயர்ந்த ராணி மீளக் குடியமர்த்தப்பட்டார்’ என்று எழுதினார். மலர்கொடி தார்ப்பாயைப் பார்த்தாள், நடுவரைப் பார்த்தாள். எதிர்த்துச் சொன்னால் ஆட்டமே நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். காலை மட்டும் மேசைக்குக் கீழே மாற்றி வைத்துக்கொண்டாள்.

இதற்குப் பிறகு நடுவர் இரண்டு தடவை வெற்றிச்செல்வனுக்கு மட்டும் டீ வரவழைத்தார். ஒருமுறை, “அந்த ஆனை அங்கியே இருக்கட்டுமாடா?” என்று கேட்டும்விட்டார். அது நடுவர் என்ற முறையில் கேட்டதல்ல, மாமா என்ற முறையில் கேட்டது என்று பிறகு தெளிவுபடுத்தப்பட்டது.

அப்படியும் ஆட்டம் ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. காய்கள் ஒவ்வொன்றாக வெளியேறி, கடைசியில் ஆளுக்கு ஒரு யானையும் ராஜாவும் மிஞ்சின. மலர்கொடிக்கு மட்டும் ஒரு சிப்பாய் கூடுதல். அவள் படிக்கக் கிடைக்காத அந்தப் பதினாறு பக்கத்துக்கு ஆட்டம் வந்து சேர்ந்திருந்தது. சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியாக வேண்டும். ஆனால் வெற்றிச்செல்வன் விடாமல் செக் கொடுத்துக்கொண்டேயிருந்தான். ராஜா எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் செக். டிரா ஆகிவிடும் போலிருந்தது. தட்சணாமூர்த்தி நிம்மதியாக மூச்சு விட்டார்.

மலர்கொடி நெடுநேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால் ஒளித்து வைத்தாள். செக் கொஞ்சம் ஓய்ந்ததும், தன் யானையைச் சிப்பாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல், போர்டின் நடுவில் ஒன்றுமில்லாத ஒரு கட்டத்தில் போய் நிறுத்தினாள். அது அங்கே எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. அடுத்த இரண்டு செக்குக்கு ராஜா நகர்ந்து வந்தது. மூன்றாவது செக் வந்தபோது அந்த யானை குறுக்கே போய் நின்றுகொண்டது. தண்ணீருக்கு வரப்புக் கட்டிய மாதிரி செக் அத்தோடு நின்றுபோயிற்று.

அந்த ஒரு நிமிடம் தட்சணாமூர்த்தி அக்காவை மறந்தார், அக்கா மகனை மறந்தார். எவ்வளவு அழகான வேலை என்று தோன்றியது. நல்ல வெயிலில் பாத்தியில் முதல் உப்பு பூக்கும்போது அவருக்கு இப்படித்தான் இருக்கும். நல்லவேளையாக அது ஒரு நிமிடம்தான் நீடித்தது.

ஒரு மணிக்கு வெற்றிச்செல்வன் தன் ராஜாவைச் சாய்த்துத் தோல்வியை ஒப்புக்கொண்டான். ஜன்னலில் நின்ற பெண்களில் ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். மற்றவர்கள் முதலாளி முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

நான்காம் அமர்வு உடனே கூடியது. இக்கட்டான நேரம். சாதாரணத் தலைவராக இருந்தால் தடுமாறியிருப்பார். ஆனால் தட்சணாமூர்த்தி உப்பளத்து மனிதர். உப்பளத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கம் உண்டு. உப்பு நன்றாக விளைந்தால், ‘பாத்தி நல்ல பாத்தி’ என்று பாத்திக்குத் தேங்காய் உடைப்பார்கள். விளையாமல் போனால், ‘ஆளு சரியில்ல’ என்று ஆளைத் திட்டுவார்கள். நல்ல விளைச்சலுக்கு ஆளைப் பாராட்டியதாகவோ, மோசமான விளைச்சலுக்குப் பாத்தியைத் திட்டியதாகவோ மரக்காணத்தில் இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. முப்பது வருடத்தில் தட்சணாமூர்த்தியும் இந்த மரபிலிருந்து ஒரு நாள்கூடப் பிசகியதில்லை. இன்றைக்கும் பிசகவில்லை.

“புக்கு ஜெயிச்சிடுச்சி” என்று அறிவித்தார்.

மலர்கொடி வாசற்படியில் நின்றிருந்தாள். “ஜெயிச்சது நானுதானே மொதலாளி?”

“ஆடினது நீதாம்மா. யாரு இல்லன்னா? ஜெயிச்சது புக்கு.”

சக்கரபாணி கோடு போட்டு வைத்திருந்த இடத்தை நிரப்பத் தொடங்கினார். தொன்மையான சதுரங்க நூல்கள் இக்காலத்துக்கும் முற்றிலும் பொருத்தமானவை. அவை ஒரு சாதாரண உப்பளத் தொழிலாளியையே ஜெயிக்க வைக்கின்றன என்றால், இன்ஜினியரிங் படித்த ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தாது? மலர்கொடி ஏற்கெனவே படித்துவிட்டதால் அவற்றால் அவளுக்கு இனி ஆகப்போவது குறைவு. வெற்றிச்செல்வன் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை என்பதால் அவனுக்கு ஆகப்போவது அதிகம். ஆகவே நூல்களின் முழுப் பயனும் சமுதாயத்துக்குக் கிடைக்கும் பொருட்டு, அவனையே பயிற்றுநராகவும் நூற்காப்பாளராகவும் நியமிக்கலாம். ஒருமனதாக நிறைவேறியது. அரசப்பன் மட்டும் கை தூக்கவில்லை. கையில் வடை இருந்ததால்தான் அப்படி என்று குறிப்பேடு சொல்கிறது. அன்றைக்கு வடை போடவில்லை என்று ஜன்னலில் நின்ற பெண்கள் சொல்கிறார்கள்.

அடுத்த வாரம் விழா. பதினோரு புத்தகங்களுக்கும் சம்பங்கி மாலை போட்டு, யார் கையும் படாதபடி கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பீரோவிலிருந்து கண்ணாடிப் பெட்டி வரைக்கும் புத்தகங்களைத் தலையில் சுமந்து வரும் கௌரவம் மலர்கொடிக்கு அளிக்கப்பட்டது, சுமந்து பழகியவள் என்பதால். அவள் சுமந்து வந்து இறக்கி வைத்தாள். வெற்றிச்செல்வன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான், அளவு சரியாக இருந்தது. மின்விசிறி அவன் காலுக்கும் காற்று அடித்தது.

அறிக்கை தயாரானது. சாட்சியின் கையெழுத்து மட்டும் பாக்கி. அதற்காக ஒரு செயலாளர் வெயிலில் உப்பளத்துக்கே நேரில் போனார் என்றால் அவருடைய கடமையுணர்வை என்னவென்று சொல்வது? மலர்கொடி கணுக்கால் தண்ணீரில் நின்று வாரிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் கவர் கிழிந்து ஒரு கால் வெளியே தெரிந்தது. குதிகால் இருந்த நிலையைத் தட்சணாமூர்த்தியால் பார்க்க முடியவில்லை. அதனால் பார்க்கவில்லை. வரப்பின் மேலேயே நின்று காகிதத்தை நீட்டினார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நின்று படித்தாள். கையெழுத்துப் போட்டாள். நடுநிலையான அறிக்கை என்றால் குறைகளும் இருக்க வேண்டும் என்று சக்கரபாணி சொல்லி அனுப்பியிருந்தது தட்சணாமூர்த்திக்கு நினைவு வந்தது.

“ஏம்மா, நீ இத்தினி புக்கு படிச்சிருக்கிற. அதுல கொறன்னு எதுனா இருந்தா சொல்லு, சேத்துக்கலாம்.”

மலர்கொடி பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

“எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்காங்க மொதலாளி. ஒன்னே ஒன்னுதான் எந்தப் புக்குலயும் இல்ல. எதுக்க ஒக்காந்து ஆடுறவரே நடுவராவும் இருந்தா எப்பிடி ஆடுறதுன்னு ஒருத்தரும் எழுதல.”

சொல்லிவிட்டு உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பழைய நூல்களில் இப்படி ஒரு பெரிய ஓட்டை இருக்கும் என்று தட்சணாமூர்த்தி எதிர்பார்த்திருக்கவில்லை. வரப்பில் நின்றபடியே அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டார். ஐந்தாம் அமர்வு அதை ‘மிக ஆழமான இலக்கிய விமர்சனம்’ என்று பாராட்டியது. இந்தப் பொருளில் தகுதிவாய்ந்த ஒருவரைக் கொண்டு உடனே ஒரு புதிய நூல் எழுதுவிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. யாரைக் கொண்டு என்பதில் விவாதமே எழவில்லை. தட்சணாமூர்த்தியை விட்டால் அதை எழுத இந்த வட்டாரத்தில் வேறு ஆள் ஏது? மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். அவர் முப்பது வருடமாக அப்படித்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்.